கணிப்பொறியும் அரசாங்கக் கொள்கையும்: கல்கத்தா தரும் படிப்பினை

ஒரு நாட்டில் புதிய யந்திரங்களும் அவற்றை இயக்கும் புதிய முறைகளும் தோன்றுவதற்கு எவை காரணமாகின்றன என்ற வினா, விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் கிராமங்களில் பணிபுரியும் அலுவலர்களுக்கும் அடிக்கடி எழுவதாகும். அறிவாற்றல் மிக்க விஞ்ஞானிகள் இருந்தால் போதும் என்று சிலர் கருதுவர். பொருள் வளம் இருந்தால் மற்றவை தாமே வந்து சேரும் என்று வேறு சிலர் கூறுவர். இவ்விரண்டும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்விரண்டும் ஓரளவு கைகூடியிருந்தும், தோன்றிய புதுமை நிலைபெறாமற் போனதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. கணிப்பொறி முதலிய இலக்கத் தொழில் நுட்பங்கள் வளர்வதற்கு அரசாங்கம் எவ்வெவ்வகையில் துணைபுரியக்கூடும் என்பதையும், எந்த இடத்தில் அத்துணை போதாமற் போகும் என்பதையும் அச்சான்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம் கல்கத்தா நகரமாகும். 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்ற பெயரால் வழங்கும் இந்நகரில்தான் இந்தியாவின் முதல் இலக்க முறைக் கணிப்பொறி இயங்கத் தொடங்கிற்று. அதே நகரில்தான், கணிப்பொறியை அலுவலகத்திற்குள் அநுமதிக்கலாகாது என்ற கிளர்ச்சியும் மிக வலுவாக நடைபெற்றது. ஆக்கம், தேக்கம், மறுமலர்ச்சி ஆகிய மூன்று நிலைகளையும் ஒரே ஊரில் வைத்துக் காண்பது, கொள்கையின் பயனை எடைபோடுவதற்கு உதவியாக இருக்கும்.

எண்ணுதலும் அளத்தலும்

‘இலக்க முறை’ என்பதன் பொருளை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். ஓர் அளவை நாம் இருவகையாக அறிகிறோம். ஏரியில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை, நட்டு வைத்த கல்லில் செதுக்கிய கோடுகளைக் கொண்டு அறிவது ஒரு வகை. நீர் ஏற ஏற அளவும் இடைவெளியின்றி ஏறும். பாதரச வெப்பமானியும் இத்தகையதே. உடலின் வெப்பத்தைப் பாதரசத்தின் நீளம் ஒத்துக் காட்டுகிறது. இதனை ஒப்பளவு முறை எனலாம். களத்து மேட்டில் நெல்லை மரக்காலில் அள்ளி, தலையை வழித்து, ‘லாபம், இரண்டு, மூன்று’ என்று எண்ணிப் போடுவது மற்றொரு வகை. இங்கே ஒவ்வொரு மரக்காலும் முழுமையான ஓர் அலகு. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஒன்றும் இல்லை. இதுவே இலக்க முறை.

ஒப்பளவு யந்திரம் விரைவில் விடை தரும். ஆனால் அவ்விடையின் நுட்பம் அதன் உறுப்புக்களின் நேர்த்தியைப் பொறுத்தது. இலக்க முறை யந்திரமோ எல்லாவற்றையும் எண்ணாக மாற்றி, எண்களையே கூட்டிக் கழித்து விடை காண்கிறது. இலக்கங்களின் எண்ணிக்கையை உயர்த்தினால் விடையின் நுட்பமும் உயரும். மேலும், கட்டளைகளை மாற்றிக் கொடுத்தால் ஒரே யந்திரம் இன்று மக்கள் தொகைக் கணக்கையும், நாளை அணைக்கட்டின் கணக்கையும் செய்யும். இலக்க முறை உலகெங்கும் வெற்றி பெற்றதற்கு இவ்விரு பண்புகளும் முக்கியமான காரணங்களாகும்.

‘கம்ப்யூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் முன்னர் யந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்கிடும் ஊழியரையே குறித்தது. புள்ளிவிவர அலுவலகங்களில் அப்பெயருடைய உத்தியோகமே இருந்தது. வரிசை வரிசையாக அமர்ந்து, கையால் சுழற்றும் கணக்கு யந்திரங்களைக் கொண்டு எண்களைப் பெருக்கியும் வகுத்தும் வந்த அவ்வூழியர்களின் உழைப்பின் மீதுதான் முற்காலப் புள்ளியியல் எழுந்தது.

திட்டமும் கணக்கும்

பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய முயற்சியால் 1931-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனம் தோன்றியது. பின்னர் அது நகரின் வடபுறத்தே பாராநகரில் நிலைபெற்றது. 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டபோது, நாட்டின் பல பகுதிகளில் களப்பணியாளர் திரட்டிய குடும்பச் செலவு முதலிய விவரங்கள் இந்த ஸ்தாபனத்தில்தான் தொகுக்கப்பெற்றன. கைக்கணக்கு இப்பெருக்கத்திற்கு ஈடுகொடுக்க இயலாதென்பது விரைவிலேயே புலனாயிற்று.

1955-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மகாலனோபிஸ் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திற்கான நகலை வகுத்தளித்தார். பொருளாதாரத் திட்டத்திற்கும் கணக்கு யந்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். ஓர் எளிய உதாரணத்தால் இதனை விளக்கலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்திற்காகப் புனைந்தவை.

ஒரு நாட்டில் நிலக்கரி, எஃகு என இரு தொழில்கள் மட்டும் உள்ளன என்று கொள்வோம். மக்களுக்கு நேராக வேண்டியது 13 அலகு நிலக்கரியும் 10 அலகு எஃகும். ஆனால் ஓர் அலகு எஃகு செய்ய அரை அலகு நிலக்கரி வேண்டும். ஓர் அலகு நிலக்கரி தோண்டி எடுக்க ஐந்தில் ஒரு பங்கு அலகு எஃகு வேண்டும். அங்ஙனமாயின் ஒவ்வொன்றிலும் எவ்வளவு உற்பத்தி செய்தல் வேண்டும்?

முதலில் எஃகு 10 என்று கொள்வோம். அதற்கு 5 அலகு நிலக்கரி வேண்டும்; ஆகவே நிலக்கரி 13-உம் 5-உம் சேர்ந்து 18. இந்த 18 அலகு நிலக்கரிக்கு 3.6 அலகு எஃகு வேண்டுமாதலால் எஃகு 13.6 ஆகிறது. 13.6 அலகு எஃகுக்கு நிலக்கரி 19.8. அதற்கு எஃகு 13.96. பின்னர் நிலக்கரி 19.98. இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் விடை நெருங்கி வந்து, நிலக்கரி 20, எஃகு 14 என்ற அளவில் நிலைபெறுகிறது. இதனை ஆசிரியர்கள் கரும்பலகையில் ஐந்து நிமிஷத்தில் செய்து காட்டலாம்.

இரண்டு தொழில்களாயின் கைக்கணக்குப் போதும். ஆனால் மெய்யான பொருளாதாரத்தில் தொழில்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கி விடை காணும் முறையில், சமன்பாடுகளின் எண்ணிக்கை இரு மடங்கானால் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். பத்து மடங்கானால் வேலை ஆயிரம் மடங்காகும். அரசாங்கம் தானே மேற்கொண்ட பெரும் பணியிலிருந்து எழுந்த இந்த நெருக்கடியே, நம் நாட்டில் கணிப்பொறிக்கு முதல் வித்தாக அமைந்தது.

பாராநகர் யந்திரங்கள்

ஸ்தாபனத்தின் கணக்கு யந்திர, எலெக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சிச்சாலையில் சமரேந்திர குமார் மித்ரா என்பவர் 1953-இல் ஒரு ஒப்பளவுக் கணிப்பொறியை வடிவமைத்தார். ஆஷிஷ் குமார் மைதி அதனை நிர்மாணித்தார். பத்து மாறிகள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளுக்கு அது விடை காணும். எண்களுக்குப் பதிலாக மின்னழுத்தங்களைக் கொண்டு, மேலே நாம் கரும்பலகையில் செய்ததைப் போன்றே விடையைச் சுற்றுச் சுற்றாக நெருங்கிச் செல்லும் முறையை அது கையாண்டது. அவ்வாண்டு டிசம்பரில் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு ஸ்தாபனத்திற்கு வருகை தந்தபோது அந்த யந்திரத்தைப் பார்வையிட்டார்.

அடுத்து வந்தது இலக்க முறை யந்திரம். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ பூத் என்பவரின் வடிவமைப்பைத் தழுவிப் பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனி தயாரித்த ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி 1955 இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, 1956 முதல் பணியாற்றத் தொடங்கியது. நாட்டின் முதல் இலக்க முறைக் கணிப்பொறி இதுவே. சுழலும் காந்த உருளையில் 1,024 சொற்களை அது நினைவில் வைத்திருக்கும். இன்று ஒரு சாதாரணக் கைத்தொலைபேசியின் நினைவகத்தோடு ஒப்பிட்டால் இது கடுகினும் சிறியது. ஆனால் அதனை நிறுவிய பொறியாளர்களுக்கு அது ஒரு பள்ளிக்கூடமாகவே விளங்கிற்று. மோஹி முகர்ஜி, அமரேஷ் ராய் ஆகிய இருவர் முன்கூட்டியே இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்றிருந்தனர். யந்திரம் வந்த பின் அதனை இணைத்ததும், இயக்கியதும், பழுது பார்த்ததும் ஸ்தாபனத்தின் சொந்த ஆட்களே.

1959-இல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் தொழில் நுட்ப உதவியின் கீழ் சோவியத் நாட்டிலிருந்து வந்த ‘உரல்’ என்னும் கணிப்பொறியும் அங்கே இயங்கலாயிற்று. (இச்சொல் ரஷ்யாவிலுள்ள மலைத்தொடரின் பெயர், நெல் குத்தும் நம் உரலன்று.) அதே 1959-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக அறிவித்தது. ஆண்டுதோறும் கையேந்தி நிற்க வேண்டிய நிலைமை நீங்கி, நீண்ட கால ஆராய்ச்சிக்கு உறுதியான ஆதரவு இதனால் கிடைத்தது.

இவற்றின் சிகரமாக, ஸ்தாபனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி உருவாக்கிய ‘இஸிஜு-1’ என்னும் கணிப்பொறி 1966-இல் இயங்கத் தொடங்கியது. வெற்றிடக் குழாய்களுக்குப் பதிலாக டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு அமைந்த யந்திரம் அது. ஒப்பளவு யந்திரத்தில் தொடங்கி, வெளிநாட்டு யந்திரங்களைப் பழுது பார்த்துக் கற்று, தாமே ஒரு புதிய தலைமுறை யந்திரத்தை ஆக்கும் நிலையைப் பதின்மூன்று ஆண்டுகளில் எட்டியது சாமானியமான சாதனையன்று.

இதே காலத்தில் பம்பாயிலும் இணையான முயற்சி நடைபெற்றது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் ‘டிஃப்ராக்’ என்னும் கணிப்பொறி 1960-இல் நிறைவெய்தியது. அதனை அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் என்பது தமிழ் மக்கள் அறிந்து பெருமைகொள்ளத்தக்கது.

ஆராய்ச்சிச்சாலையின் வாயிலில் நின்ற கொள்கை

இத்துணைச் சிறப்பாகத் தொடங்கிய முயற்சி ஏன் பெருந்தொழிலாக மலரவில்லை? டிஃப்ராக் ஒன்றே ஒன்றுதான் செய்யப்பெற்றது. இஸிஜு-1-உம் தொழிற்சாலையில் தொடர்ந்து உற்பத்தியாகும் நிலையை அடையவில்லை. அதே நேரத்தில், 1959-இல் அமெரிக்க நிறுவனமான ஐ.பி.எம். வெளியிட்ட 1401 என்னும் யந்திரம் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் பரவியது. நம் அலுவலகங்களும் அதனையே வாடகைக்குப் பெற்றன.

வேறுபாடு விஞ்ஞானத்தில் இல்லை. ஓர் ஆராய்ச்சிச்சாலை ஒரு யந்திரத்தைச் செய்து முடிப்பதற்கும், அதே யந்திரத்தை நூறு எண்ணிக்கையில், ஒரே தரத்தில், குறித்த நாளில், பழுது பார்க்கும் ஏற்பாட்டோடு அளிப்பதற்கும் இடையே ஒரு நெடிய பாதை உண்டு. உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு தொழிற்சாலைகள், முதலீடு, பயிற்சி பெற்ற தொழிலாளர், எல்லாவற்றிற்கும் மேலாக உறுதியான வாடிக்கையாளர் ஆகியவை அப்பாதைக்கு வேண்டும். அரசாங்கத்தின் கொள்கை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. ஆனால் ஆராய்ச்சிச்சாலையின் வாயிலோடு பெரும்பாலும் நின்றுவிட்டது.

பிற நாடுகளில் இப்பாதை எவ்வாறு அமைக்கப்பெற்றது என்பதை ஒப்பிடலாம். அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கை விரைவில் முடிக்க வேண்டிய அரசாங்கத் தேவைக்காகவே ஹெர்மன் ஹாலரித்தின் துளையிட்ட அட்டை யந்திரங்கள் 1890-இல் பெருமளவில் பயன்பட்டன. அந்தத் தொழிலிலிருந்தே பின்னர் ஐ.பி.எம். வளர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில், பல டிரான்ஸிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கும் ஒருங்கிணைந்த மின்சுற்றுக்கள் விலை மிகுந்த புதுப்பொருளாக இருந்தன. அப்பல்லோ விண்பயணத்திற்கும் ஏவுகணைகளுக்குமாக அந்நாட்டு அரசாங்கம் அவற்றை மொத்தமாக வாங்கியது. விற்பனை பெருகப் பெருக உற்பத்தி முறை செம்மையுற்று விலையும் வீழ்ந்தது. முதல் வாடிக்கையாளராக நிற்பது அரசாங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளுள் ஒன்று என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் இக்குறை உணரப்படாமற் போகவில்லை. 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 1963-இல் ஹோமி பாபாவின் தலைமையில் எலெக்ட்ரானிக்ஸ் குழு அமைக்கப்பெற்றது. அதன் அறிக்கை 1966-இல் வெளிவந்தது. 1967-இல் ஹைதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் நிறுவப்பெற்றது. 1970-இல் மத்திய அரசாங்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் இலாகாவும் உருவாயிற்று. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்கு மூலதனத்திற்கு வரம்பு விதித்தது. அதற்கு உடன்படாத ஐ.பி.எம். 1978-இல் நாட்டை விட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தில் உள்நாட்டுக் கம்பெனிகள் சில தழைத்தன. தமிழ்நாட்டைச் சேர்ந்த சிவ நாடார் தம் தோழர்களுடன் 1976-இல் தொடங்கிய ஹெச்.சி.எல். அவற்றுள் ஒன்று. ஆயினும் இறக்குமதிக்கும் உற்பத்திக்கும் உரிமம் பெறுவதிலேயே ஆற்றல் செலவழிந்தமையால், உள்நாட்டு யந்திரங்கள் விலையில் மிகுந்தும் எண்ணிக்கையில் குறைந்தும் இருந்தன. தடை ஒன்றினால் மட்டும் புதுமை பிறப்பதில்லை என்பதை அக்காலம் உணர்த்திற்று.

ஊழியரின் அச்சம்

கல்கத்தாவின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் தன் கல்கத்தா அலுவலகத்தில் கணிப்பொறி நிறுவ முற்பட்டது. இலாகோ ஹவுஸ் என்னும் அக்கட்டிடத்தில் யந்திரம் நுழையாதவாறு ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்றனர்.

இதனை அறியாமையின் விளைவென்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. வேலையின்மை மிகுந்திருந்த காலத்தில், நூறு குமாஸ்தாக்களின் வேலையை ஒரு யந்திரம் செய்துவிடுமாயின் அந்த நூறு குடும்பங்களின் கதி என்ன என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்குத் தெளிவான விடையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் முன்வரவில்லை என்பதே அன்றைய குறைபாடு. மத்திய அரசாங்கம் 1969-இல் பொருளாதார அறிஞர் வி.எம். தாண்டேகரின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது; அக்குழு 1972-இல் அறிக்கை அளித்தது. 1983-இல் பாங்கு நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் கூடி, யந்திரமயமாக்கலுக்கான வரம்புகளை வகுத்து ஒப்பந்தம் செய்துகொண்டன. பேச்சுவார்த்தையால் திறந்த இக்கதவு பின்னர் மேலும் அகலமாயிற்று. இத்தகைய ஏற்பாடு தொடக்கத்திலேயே செய்யப்பெற்றிருப்பின், இடையில் கழிந்த ஆண்டுகளில் ஊழியர்களும் அஞ்சியிருக்கமாட்டார்கள், அலுவலகங்களும் தேங்கியிருக்கமாட்டா.

கொள்கை மாறிய காலம்

மேற்கு வங்காள அரசாங்கம் 1974-இல் ‘வெபெல்’ என்னும் எலெக்ட்ரானிக்ஸ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. கல்கத்தாவின் கிழக்கே உப்பு ஏரிப் பகுதியைத் தூர்த்து எழுப்பிய ஸால்ட் லேக் உபநகரில் எலெக்ட்ரானிக்ஸ் தொழில்களுக்கென ஒரு வட்டாரம் ஒதுக்கப்பெற்றது. ஐந்தாம் செக்டர் என்று வழங்கும் அவ்விடம் இன்று கணிப்பொறி நிறுவனங்கள் செறிந்த பகுதியாகும்.

மத்திய அரசாங்கத்தின் போக்கும் மாறியது. 1984 நவம்பரில் வெளியான புதிய கணிப்பொறிக் கொள்கை உரிமக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, இறக்குமதி வரிகளைக் குறைத்தது. 1986-இல் மென்பொருளுக்கெனத் தனிக் கொள்கை பிறந்தது. 1991-இல் மென்பொருள் தொழில் நுட்பப் பூங்கா ஸ்தாபனம் அமைக்கப்பெற்று, துணைக்கோள் வழியே விவரங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் வசதியைச் சிறு கம்பெனிகளுக்கும் பொதுவில் அளித்தது. தனித்தனியே ஒவ்வொருவரும் அமைத்துக்கொள்ள இயலாத ஒரு சாதனத்தை அரசாங்கம் ஒருமுறை அமைத்துப் பலருக்கும் பகிர்ந்தளித்தமை கருதத்தக்கது. நல்ல சாலை அமைத்தால் அதன் மேல் எந்த வண்டி எதனை ஏற்றிச் செல்லும் என்பதைச் சாலை போட்டவர் தீர்மானிக்க வேண்டியதில்லை.

1994-ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத் தொடர்புக் கொள்கை தனியார் நிறுவனங்களுக்கும் இத்துறையில் இடமளித்தது. அதன் பயனாக 1995 ஜூலை 31-ஆம் தேதி, மேற்கு வங்காள முதல் மந்திரி ஜோதி பாசு கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டிடத்திலிருந்து, டில்லியிலிருந்த மத்தியத் தொலைத் தொடர்பு மந்திரி சுக்ராமுடன் கைத்தொலைபேசியில் உரையாடினார். நாட்டின் முதல் கைத்தொலைபேசி உரையாடல் அதுவேயாகும்.

சந்தை கேளாத வேலை

அரசாங்கம் வழிவிட்டு நின்றால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் கல்கத்தாவிலேயே சான்று உண்டு. அச்சிட்ட பக்கத்தைக் கணிப்பொறி தானே படித்து எழுத்துக்களாக மாற்றிக்கொள்ளும் முறையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்திற்கு இம்முறையை வெளிநாட்டுக் கம்பெனிகள் வெகு காலத்திற்கு முன்பே ஆக்கிவிட்டன. அவற்றுக்கு இலாபம் இருந்தது. வங்காளிக்கும் தமிழுக்கும் அதனைச் செய்ய அன்று எவரும் முன்வரவில்லை.

வங்காள எழுத்துக்கள் தலைக்கோடு ஒன்றினால் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பவை. அவற்றில் கூட்டெழுத்துக்களும் மிகப் பல. யந்திரம் முதலில் வரியில் கருமை மிகுந்த இடத்தைக் கண்டு, அதுவே தலைக்கோடு என்று அறிய வேண்டும். பின்னர் அக்கோட்டை நீக்கி எழுத்துக்களைத் தனித்தனியே பிரிக்க வேண்டும். அதன் மேலும் கீழும் உள்ள குறிகளை வேறாக ஆராய வேண்டும். இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனத்தைச் சேர்ந்த பித்யுத் பரன் சௌதுரியும் உமாபத பாலும், அச்சிட்ட வங்காளி எழுத்துக்களைப் படிக்கும் முழுமையான முறை ஒன்றை ஆக்கி 1998-இல் வெளியிட்டனர். மகாலனோபிஸ் காலத்தில் தொடங்கிய கணிப்பொறி ஆராய்ச்சி, தலைமுறைகள் கடந்தும் ஒரே ஸ்தாபனத்தில் அறுபடாது தொடர்ந்ததாலேயே இது கைகூடிற்று. இந்திய மொழிகளுக்கான தொழில் நுட்ப வளர்ச்சித் திட்டம் என்னும் பெயரில் மத்திய எலெக்ட்ரானிக்ஸ் இலாகா 1990-களின் தொடக்கத்தில் தொடங்கிய திட்டமும் இத்தகைய பணிகளுக்கு நாடெங்கும் ஊக்கமளித்தது.

தமிழில் தலைக்கோடு இல்லையாதலால் எழுத்துக்களைப் பிரிப்பது எளிது. ஆனால் உருவில் நெருங்கிய எழுத்துக்களை வேறுபடுத்துவதில் வேறு வகைச் சிக்கல்கள் உண்டு. ஆகவே ஒரு மொழிக்குச் செய்ததை மற்றொரு மொழிக்கு அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. அவ்வம்மொழி அறிந்தவர் அவ்வவ்விடத்தில் உழைத்தல் வேண்டும். இலாபம் கருதுவோர் வரத் தயங்கும் இத்தகைய துறையில் பொதுப்பணத்தின் கடமை தெளிவாகப் புலப்படுகிறது.

கொள்கையை எடைபோடும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து, இலக்கத் தொழில் நுட்பத்தில் புதுமையை வளர்க்க விரும்பும் அரசாங்கம் ஆற்ற வேண்டிய பணிகள் ஐந்து என்று தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, மெய்யான சிக்கலை முன்வைத்தல். ‘ஏதேனும் புதுமை செய்க’ என்று பணம் கொடுப்பதைவிட, ‘இத்திட்டத்தின் கணக்கை இத்தனை நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும்’ என்று கேட்பது ஆராய்ச்சியாளரை ஊக்கும்.

இரண்டாவது, மனிதர்களைப் பயிற்றி அவர்களுக்குப் போதிய கால அவகாசம் அளித்தல். யந்திரம் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அதனைப் பழுது பார்த்துக் கற்றவரின் அறிவு அடுத்த யந்திரத்திற்குத் துணையாகும்.

மூன்றாவது, ஆராய்ச்சிச்சாலையிலிருந்து தொழிற்சாலை வரை பாதை அமைத்து, முதல் வாடிக்கையாளராக நிற்றல். பாராநகர், பம்பாய் யந்திரங்களுக்குக் கிட்டாமற் போனது இதுவே.

நான்காவது, விதிகளைத் தெளிவாகவும் நிலையாகவும் வைத்து, பொதுச் சாதனங்களைப் பலருக்கும் அளித்தல்.

ஐந்தாவது, புதுமையால் எவருடைய தொழில் மாறுகிறதோ அவருடன் முன்கூட்டியே கலந்து பேசி, மறுபயிற்சிக்கும் வாழ்க்கைக்கும் வழி செய்தல்.

இவ்வைந்தில் எது குறைந்தாலும் மற்றவற்றின் பயன் குன்றும். ஆயினும் மிக எளிதில் மறக்கப்படுபவை மூன்றாவதும் ஐந்தாவதுமே என்பதைக் கல்கத்தாவின் அநுபவம் காட்டுகிறது. யந்திரம் வாங்குவதும் திறப்பு விழா நடத்துவதும் கண்ணுக்குத் தெரியும் காரியங்கள். பத்தாண்டுக் காலம் தொடர்ந்து வாங்குவதும், ஊழியர்களுடன் பேசி இசைவு பெறுவதும் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் பயிர் நிலைப்பது அவற்றால்தான்.

அண்மைக்காலத் திட்டங்களையும் இவ்வளவுகோலால் ஆராயலாம். அதிவேகக் கணிப்பொறிகளை வெளிநாட்டிலிருந்து பெறுவதில் தடைகள் நேர்ந்தபோது, 1988-இல் புனாவில் சி-டாக் என்னும் ஸ்தாபனம் நிறுவப்பெற்று, 1991-இல் ‘பரம் 8000’ உருவாயிற்று. 2015-இல் தொடங்கிய தேசிய அதிவேகக் கணிப்பொறித் திட்டத்தின் கீழ், ‘பரம் ருத்ரா’ கணிப்பொறிகள் மூன்று 2024 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று கொல்கத்தாவில் சத்தியேந்திர நாத் போஸ் பெயரால் விளங்கும் அடிப்படை விஞ்ஞான மையத்தில் உள்ளது. மின்சில்லுகளை உள்நாட்டிலேயே செய்வதற்காக 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அங்கீகரிக்கப்பெற்றது. ஒதுக்கிய தொகையின் அளவு முக்கியமே. ஆனால் அத்தொகையால் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், உள்நாட்டுப் பொருளை வாங்குவோர் யார், தொழில் மாறும் ஊழியருக்கு என்ன ஏற்பாடு என்ற வினாக்களும் அதற்குக் குறையாத முக்கியம் உடையவை.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும்

கொள்கை என்பது தலைநகரில் மட்டும் நடைபெறும் காரியம் என்று எண்ணலாகாது. பாராநகர் யந்திரத்தில் புகுந்த ஒவ்வோர் எண்ணும், எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு களப்பணியாளர் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டு எழுதியதேயாகும். அவ்வெண் பிழையாயின், எவ்வளவு விரைவான யந்திரமும் பிழையையே விரைவாகப் பெருக்கித் தரும். இன்று குறிப்புப் புத்தகத்திற்குப் பதிலாகக் கையில் சிறு திரையை ஏந்திச் செல்லும் பணியாளருக்கும் இது பொருந்தும். கருவியில் எந்தக் கேள்வி மக்களுக்கு விளங்கவில்லை, எந்த இடத்தில் இணைப்புக் கிடைக்கவில்லை, எந்த விவரத்தை இட வழியில்லை என்பவற்றை அவர் மேலிடத்திற்கு எழுதித் தெரிவித்தல் வேண்டும். மெய்யான சிக்கலை முன்வைப்பதே புதுமையின் வித்து என்று கண்டோம். அச்சிக்கலை முதலில் காண்பவர் களத்தில் நிற்பவரே.

ஆசிரியர்கள் மேலே கூறிய நிலக்கரி–எஃகுக் கணக்கை வகுப்பில் செய்யலாம். இலக்க முறையை விளக்க விலை மிகுந்த கருவி வேண்டியதில்லை. ஐந்து மாணவர்களை வரிசையாக நிறுத்தி, இடப்புறத்திலிருந்து 16, 8, 4, 2, 1 என்று அட்டைகளைக் கொடுக்கலாம். நிற்பவரின் எண்ணைச் சேர்த்தும் உட்கார்ந்தவரின் எண்ணை விட்டும் கூட்டுக. 8, 4, 1 உடையவர் நின்றால் 13. எல்லோரும் நின்றால் 31. நிற்றல், உட்காருதல் ஆகிய இரு நிலைகளைக் கொண்டே சுழி முதல் 31 வரை எல்லா எண்களையும் காட்டலாம். மின்சாரம் இருத்தல், இல்லாமை ஆகிய இரு நிலைகளால் கணிப்பொறி செய்வதும் இதுவேயாகும்.

1953-இல் மித்ராவும் மைதியும் யந்திரத்தை ஆக்கியபோது, அவர்களுக்குத் துணையாக நின்றவை ஒரு தெளிவான சிக்கலும், அதனைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று கேட்ட ஓர் அரசாங்கமும், உழைப்பதற்கு ஓர் ஆராய்ச்சிச்சாலையும் ஆகும். அத்துணையைத் தொழிற்சாலை வரையிலும், ஊழியரின் வீட்டு வாயில் வரையிலும் நீட்டுவதே இன்று எஞ்சியுள்ள பணி.